ராகுகாலத்துக்கு முன் வைத்த கையெழுத்து

உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்து மூலையில் கைத்தொலைபேசிக் கோபுரம் அமைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டது. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த அன்று என் கணவர், "ராகுகாலம் தொடங்கப்போகுது, கெதியா வையுமப்பா" என்று அவசரப்படுத்தினார். வாசிக்காமலே இருவரும் கையெழுத்திட்டோம்.

இப்போது கோபுரத்து ஜெனரேட்டர் இரைச்சலில், படுக்கையில் கிடக்கும் என் மாமிக்கு நித்திரையே இல்லை. ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டோம்.

"ஓம், செய்யலாம். ஆனால் அந்த உரிமை கொம்பனிக்கு மட்டும்தான் எழுதிக் கிடக்கு. இருபது வருசத்துக்கு உங்களாலை ஏலாது, அம்மா."

இனி எதில் கையெழுத்திடுவதானாலும், நாங்கள் விலகும் வழி எங்கே இருக்கிறதென்றுதான் முதலில் தேடுவேன். ராகுகாலம் வந்தால் வரட்டும்.

மாமிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. "உந்தச் சத்தத்தை எப்ப நிப்பாட்டுவினம், பிள்ளை?" என்று தினமும் கேட்கிறார்.

"கெதியிலை நிப்பாட்டிடுவினம், மாமி" என்கிறேன்.