எந்த ஊர்க் கோர்ட்டில் கேட்பது

செருப்பு அச்சு மெஷினில் பன்னிரண்டு வருஷம் நின்றவள் அவள். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் கூட வேலை செய்தவர்கள் 'கறார்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மெஷின் அவள் வலக்கையைக் கவ்விவிட்டது. நிறுத்தும் பொத்தானுக்குப் பூட்டு. யாரும் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாதாம், உற்பத்தி குறைந்துவிடுமாம். அவள் கத்தக் கத்த, சூப்பர்வைசர் கடல் தாண்டியிருக்கும் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு, உத்தரவு வாங்கிய பிறகுதான் பூட்டைத் திறந்தான். கை கூழாகிப்போனது.

வழக்குப் போட்டாள். உள்ளூர்க் கம்பெனி மறுமாதமே திவால் என்று கதவைச் சாத்தியது. தலைமைக் கம்பெனியோ, "அது வேறு நிறுவனம், எங்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கேட்பதானால் எங்கள் நாட்டுக் கோர்ட்டில் வந்து கேள்" என்றது. வரமாட்டாள் என்று தெரிந்துதானே சொன்னார்கள், பாவிகள்!

வழக்கை இங்கே விசாரிக்கலாமா கூடாதா என்பதிலேயே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. புருஷன் அலுத்துப்போனான்.

"விட்டுத் தொலையேன்டி. யானையோட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"யானைன்னா காலாவது கண்ணுக்குத் தெரியும். இதுக்கு முகவரியே இல்லையே. பயமா இருந்தா நீ வீட்டுல இரு."

அந்த விசாரணையில் தலைமைக் கம்பெனியின் வக்கீல் அவளைக் கூண்டில் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். தப்பு அவள்மேல்தான் என்று காட்டும் அவசரத்தில் ஒரு காகிதக் கட்டை ஆட்டினார்.

"நீங்க கவனமில்லாம கையை விட்டது பத்து நாலுக்கு. பத்து ஆறுக்கே மெஷின நிறுத்தியாச்சு. நொடிக்கு நொடி பதிவு இருக்கும்மா!"

"அந்தப் பதிவு எங்க இருந்துச்சு சார்?"

"தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான்" என்று பெருமையாகச் சொன்னவர், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒட்டுமில்ல உறவுமில்லன்னீங்களே! அப்போ நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது யாரு, உங்க மாமனாரா?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அவளை அதட்டினார். ஆனால் அந்தக் கட்டை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். உத்தரவு கொடுத்த இடம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தலைமை ஆபீஸ்தான் இருந்தது. மெஷினை அங்கிருந்தே ஆட்டிவைத்தவர்கள் இங்கே வந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்று மறுவாரம் தீர்ப்பாயிற்று.

வாசலில் வக்கீல் குழைந்தார். "இனி எதுக்கும்மா அலைச்சல்? தனியா பேசி முடிச்சுக்கலாமே."

"அஞ்சு வருஷமா எங்கிட்டப் பேச உங்களுக்கு வாய் இல்ல. இப்ப மட்டும் தனியா என்ன பேச்சு? உங்க முதலாளிய இந்தக் கூண்டுல ஏறி நாலு பேரு கேக்கப் பேசச் சொல்லுங்க."