பிளாஞ்சியின் எதிரே ஒரு நாற்காலி

முசே லூர்து இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பின்னால், கீற்றுக் கொட்டகைக்கு எதிரே போட்டிருக்கும் இரும்பு நாற்காலி. காலையில் மூச்சு வாங்குகிறது என்று ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், "ரெண்டு மணி நேரம் உக்காந்துக்குனு இருங்க டாக்டரம்மா, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம், கூடப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். நான் உடனே ஓடவில்லை. எழுந்தால் பிளாஞ்சி முனக ஆரம்பித்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். பக்கத்து வீட்டம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் செருப்பை மாட்டினேன்.

அவரைப் பென்சன்காரர்கள் சங்கத்திலோ ஞாயிறு பூசையிலோ பார்த்த உங்களுக்குப் பிளாஞ்சியையும் தெரிந்திருக்கும். அவர் வைத்த பெயர் பிளான்ஷ். தெருவுக்கு அது பிளாஞ்சி. அது ஒரு அல்பாகா. ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம், உயரத்தில் நம்மூர்க் கன்றுக்குட்டி, உடம்பெல்லாம் கம்பளி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு முசே என்ற மரியாதைப் பெயரோடு திரும்பும் சொல்தாக்கள் மாடி கட்டி வாடகைக்கு விடுவார்கள். இவர் மட்டும் அல்பாகா வளர்க்கப் புறப்பட்டார். பட்டாளத்தில் இருந்தபோது பிரான்சில் ஒரு மலைக்கிராமத்துப் பண்ணையில் பார்த்தாராம். பெங்களூர்ப் பக்கம் ஒருவர் தன் விலங்குத் தோட்டத்தை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு, லூயி என்ற ஆணையும் பிளாஞ்சியையும் வேனில் ஏற்றி வந்துவிட்டார். குட்டி போட்டுப் பெருகும், கம்பளியைச் சால்வையாக நெய்து விற்கலாம் என்பது கணக்கு. ஸ்வெட்டர் வைத்திருக்கிற வீடே இல்லாத ஊரில் கம்பளியா என்று கேட்டேன். "நமக்கு எதுக்கு டாக்டரம்மா? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான விக்கப் போறேன்" என்றார்.

நான் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். மாடு, ஆடு, நாய் தெரியும். அல்பாகாவைப் பாடப் புத்தகத்தில் ஒரு படமாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவர் என்னைத்தான் நம்பினார்.

இனி எழுதப் போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அவர் தெரியவிடவில்லை.

முதல் கோடையில் இரண்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. நம் வீட்டில் பிள்ளைக்குச் சூடு என்றால் என்ன செய்வோம்? மொட்டை அடித்துச் சந்தனம் பூசுவோம். நான் அதைத்தான் சொன்னேன். முதுகில் ஒரு விரற்கடையாவது விட வேண்டாமா, அந்தப் பண்ணையில் அப்படித்தான் விடுவார்கள் என்று முசே தயங்கினார். "அது அந்த ஊரு, இது கத்திரி வெயிலு, ஒட்ட வழிச்சிடுங்க" என்று அதட்டினேன். முதலில் லூயி. முடிதிருத்துபவர் வந்து தோல் தெரிய மழித்தார். சந்தனத்தை நானே அரைத்துப் பூசினேன். மேலே இருந்த கம்பளிதான் அதற்கு நிழல் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வெயிலில் நின்றதில் முதுகெல்லாம் கொப்பளித்தது. நான் போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் லூயி செத்துப்போனது. மொட்டை அடிக்கச் சொன்னது தான்தான் என்று முசே தெரு முழுக்கச் சொன்னார். "ஊர்ல உங்களுக்கு ஒரு பேரு இருக்குது. எனக்கு என்னா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பண்ணை அன்றோடு முடிந்தது. முசேவின் சிறை அன்றுதான் ஆரம்பித்தது. கூட்டமாக வாழும் பிராணி அது. தனியாக விட்டால் தின்னாது. குருசுக்குப்பத்திலிருந்து துணைக்கு இரண்டு ஆடு வாங்கி வந்தார். பிளாஞ்சி இரண்டின் மூஞ்சியிலும் துப்பியது. இன்னொரு அல்பாகாவுக்கு எங்கெங்கோ எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எதிரே அவர் உட்கார்ந்தால் மட்டும் அது வைக்கோலைத் தொட்டது. அப்படித்தான் அந்த நாற்காலி வந்தது. சாப்பாடு, செய்தித்தாள், செபமாலை எல்லாம் அதிலேயே.

அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் அவர் மகள் எலியானுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குத் தாத்தா வர வேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டாள். போவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று அவர் இரண்டு நாள் குருசுக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஞ்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டினி கிடந்தது. அவர் திரும்பி வந்து, கட்டியிருந்த பெட்டியைப் பிரித்தார். "மாட்டிக்கினேன் டாக்டரம்மா. பட்டாளத்துலகூட லீவு குடுப்பான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை அது ஏற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. அதற்குள் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, விமானம் ஏறக்கூடாது என்றார்கள். பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

அடக்கத்துக்கு வந்த எலியான் கொட்டகை வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்: "எங்களவிட இது பெருசாப் போச்சா, தாந்த், அப்பாவுக்கு?" அத்தை முறை வைத்துத்தான் என்னைச் சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிடுவாள். பிளாஞ்சியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது முறையும் வாயைத் திறக்கவில்லை.

எலியான், உன் அப்பா உன்னிடம் வராததற்குக் காரணம் பிளாஞ்சி இல்லை, நான். லூயி இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தின்றிருக்கும், அவர் உன் வீட்டுக்கு வந்திருப்பார். என் பெயரைக் காப்பாற்றப் போய் அவர் உன்னிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார். அந்தக் கெட்ட பெயரை இங்கே நானே வாங்கிக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து என் மகன் வாரம் தவறாமல் கேட்கிறான், எப்போது வருகிறாய் என்று. வருகிறேன் என்று சொல்லி வைக்கிறேன். முசேவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரும்பு நாற்காலி. இதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிரே பிளாஞ்சி தின்றுகொண்டிருக்கிறது.