காயாத பட்டுப் பாவாடை

போன வருஷம், பிளஸ் டூ முடித்த கோடையில் நடந்தது இது. திருச்சுழியில் எங்கள் வீட்டின் முன்பக்கமே அப்பாவின் எண்ணெய்க் கடை. எனக்கோ மதுரையில் ஓர் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டுமென்று வெறி. நேர்காணலுக்கு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் கொண்டுபோக வேண்டும். "எடுத்துக்கிட்டாகன்னா படி. இல்லேன்னா பி.காம், அப்புறம் கடை" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ரோக்கோகோ என்ற ஆடம்பரப் பாணியில் வரைந்த பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றைப் போனில் பார்த்துப் பார்த்து நேர்காணலுக்காக வரைந்தேன்; வரைந்தே கற்றுக்கொண்டேன். அடர்ந்த தோட்டம், ரோஜா நிறப் பட்டுப் பாவாடை விரிய உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, காலடியில் குழல் ஊதும் ஒருவன். கருவேலம் பச்சையைத் தவிர வேறு பச்சை அறியாத நான் அந்தத் தோட்டத்துக்காக என்னென்னவோ கலந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "இம்புட்டுத் துணியக் கட்டிக்கிட்டு இவ எப்பிடி பஸ்ஸு ஏறுவா?" என்று சிரித்தாள்.

முகமும் பாவாடையும் மிச்சமிருக்கையில், வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. ஆன்லைனில் ஆர்டர் போட்ட பார்சல் வரக் காணோம். அழுதுகொண்டிருந்தேன். அதுவரை இந்தப் படிப்பில் மனசே இல்லாத அப்பா, "கடை நெறைய எண்ணெய வச்சுக்கிட்டு எவன் எண்ணெய்க்கோ காத்துக் கெடக்கணுமா, தாயி?" என்று புதுக் கடலை எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார். அது வண்ணத்துக்கு ஆகுமா என்று நான் எதையும் தேடிப் படிக்கவில்லை. அவ்வளவு அவசரம். பட்டு பளபளவென்று வந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. நம்ம ஊர் வெயிலுக்குக் காயாததா என்று மொட்டைமாடியில் வைத்தேன்.

நேர்காணல் அன்றும் ஈரம்தான். செய்தித்தாளில் சுற்றினோம். மதுரை வரை அப்பா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே, தேர்வுக் குழுவினரின் மேசையில் பிரித்தேன். அவள் முகம் தாளோடு போய்விட்டது. பாவாடையில் ஏதோ நகைக்கடை விளம்பரம் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

"எதைக் கலந்தீங்க?"

"கடலை எண்ணெய்."

ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது எத்தனை நாள் வச்சாலும் காயாதேம்மா" என்றார் இன்னொருவர்.

வெளியே அப்பா ஓடி வந்தார். "என்ன சொன்னாக?"

"போட்டி ஜாஸ்தியாம்ப்பா."

இப்போது பி.காம். சாயங்காலம் கடை. எண்ணெய் டின்களுக்குப் பின்னால் அந்தப் படம் தூசியும் எறும்புமாய் இன்னும் பிசுபிசுக்கிறது. தூரிகையைத் தொட்டு மாதங்களாகின்றன. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம் மக படம் வரைஞ்சதே நம்ம எண்ணெயிலதான்" என்கிறார். நான் குனிந்து எண்ணெயை அளந்து ஊற்றுகிறேன். அந்தப் பெருமையை அவர் முகத்திலிருந்து உரித்தெடுக்க என்னால் முடியாது; ஒரு முகம் தாளோடு போனதைப் பார்த்தவள் நான்.