ஒரு கால் குறைந்த மடையான்

நெடுங்காட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில், ஒரு மாற்றுச் சான்றிதழுக்கு முத்திரை குத்தப் போகும்போது நசீமாவின் அழைப்பு வந்தது. எதிர்வீட்டுப் பெண். அந்த வீட்டோடு எனக்கு ஐந்து மாதமாகப் பேச்சில்லை. எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, சரி என்ன என்று எடுத்தேன். "அரசி மாமி, உம்மா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு அப்புடியே பாயில சாஞ்சிட்டாங்க" என்றாள். முத்திரையைச் சான்றிதழில் குத்தாமல் மேசையில் குத்தியிருக்கிறேன். எங்கள் ஊர் தலத்தெருவுக்குப் பேருந்தில் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது நினைவில்லை.

இறந்துபோன நசீமாவின் அம்மாவை, ஜமீலா பீவி என்றால் எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. லாத்தா என்றால் எல்லாருக்கும் தெரியும். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் சொல் அது. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் எடுத்த பறவைப் படங்களைத் தெருப் படிப்பகத்தில் மாட்டுகிறார்கள். பக்கத்தில் வைக்க ஒரு தாள் எழுதித் தாருங்கள் என்று நசீமா என்னிடம் கேட்டாள். வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். அமைதியா! தவிட்டுக் குருவிக் கூட்டத்தை அவர் படம் பிடிக்கும்போது குறுக்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அமைதி.

அவர் படம் எடுக்கத் தொடங்கியது இத்தாவில், கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் நாட்களில். கணவர் துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்து, ஒன்றரை வருடத்தில் இறந்துவிட்டார். அதன்பின் நாலு மாதம் பத்து நாள் லாத்தா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பின்னறையில் ஒரு சன்னல். அதற்கு வெளியே ஒரு முருங்கை மரம், வேலி, வாய்க்கால். அவ்வளவுதான் அவருக்கு உலகம். கணவர் கொண்டுவந்த கேமரா பெட்டி பிரிக்காமல் கிடந்தது. நான் சாயங்காலம் பார்க்கப் போனபோது அதில் எடுத்த முதல் படத்தைக் காட்டினார். ஒரு கரிச்சானின் வால். வால் மட்டும்.

"குருவி எங்க லாத்தா?" என்றேன்.

"அவசரப்பட்டுட்டேன். அவசரப்பட்டா வாலுதான் கெடைக்கும்" என்றார். "நாளைக்கும் வருவான். நான் எங்க போகப் போறேன்?"

அழுது வீங்கிய கண்ணோடு அவர் சிரித்தார். 

இத்தா முடிந்ததும் குரும்பகரத்தில் எங்கள் அப்பா வீட்டு வயலுக்கு அவரை அழைத்துப் போனேன். நடவு முடிந்திருந்தது. அவர் வரப்பில் நின்று, "அந்தக் கொக்கு என்ன இம்புட்டு அழுக்கா இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது வெள்ளக் கொக்கு இல்ல லாத்தா. மடையான். மடையில நிக்கிறதால மடையான். உக்காந்தா மண்ணு, பறந்தா பாலு, பாருங்க" என்று கை தட்டினேன். அழுக்குப் பறவை எழும்பி வெள்ளை வெளேரென்று பறந்தது. தட்டியதற்கு முதலில் எனக்கு ஒரு திட்டு விழுந்தது. பிறகு அவரும் சிரித்தார். "மடையானா? பாவம், யாரோ வாய்க்கு வந்தபடி திட்டுனதையே பேரா வச்சுட்டாங்க போல." அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தது நான்தான். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போகலாம், வேன் பேசுகிறேன் என்று ஒருமுறை கூப்பிட்டேன். வரவில்லை என்றார். "தூரத்துல இருக்குற மனுசனையே நெனச்சுக்கிட்டு இருபது வருசம் போயிடுச்சு அரசி. இனிமே எனக்குக் கிட்டத்துல இருக்குறது போதும்." அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. படிப்பகத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக் குருவி. ஒன்றுகூட அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தைத் தாண்டி எடுத்ததில்லை.

அவருக்குப் பறவைகள் 'அது' இல்லை. அவன், அவள்தான். "அவ இன்னைக்குக் குளிக்கவே வரல", "அவன் பொண்டாட்டியோட சண்டை" என்று தெருச் செய்தி மாதிரி சொல்வார். அப்படி ஒருவன் வாய்க்காலுக்கு வந்த மடையான். இடது காலில் ஏதோ அடி. அதைத் தூக்கித் தூக்கி வைப்பான். வெயில் காலத்தில் வாய்க்கால் காய்ந்ததும் அவனைக் காணோம். "எங்க போயி என்ன பாடு படுறானோ" என்று லாத்தா புலம்புவார். "மடையானுக்கு வந்த வாழ்வப் பாருங்க, தேட ஆளு இருக்கு" என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த ஆடியில்தான் என் மகனுக்கு கத்தாரில் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். நாங்கள் நம்பினோம். தெரு முழுக்க இனிப்புக் கொடுத்து, மாலை போட்டு அனுப்பினோம். லாத்தா அவனுக்காக துஆ செய்து, தலையில் கை வைத்து வழியனுப்பினார். விமான நிலையத்தில் விசா பொய் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை பிள்ளை பெட்டியோடு தெருவில் இறங்கினான். நாங்கள் போட்ட மாலை முழுதாக வாடக்கூட இல்லை; கையில் சுருட்டி வைத்திருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வாசலில் நின்றேன். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு தலை தெரிந்தது.

அன்று பதினோரு மணிக்கு என் கைபேசியில் லாத்தாவின் செய்தி வந்தது:

"மடையன் திரும்பி வந்துட்டான். அல்ஹம்துலில்லாஹ்."

இரண்டு முறை படித்தேன். ரத்தம் தலைக்கு ஏறியது. என் பிள்ளையை! தலையில் கை வைத்து அனுப்பிய மனுஷி, அவன் மானம் போய் வந்து நிற்கும்போது மடையன் என்கிறார், இறைவனுக்கு நன்றியும் சொல்கிறார்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீதியைக் கடந்தால் பத்து எட்டு. நான் கேட்கவில்லை. அந்த நிமிடமே அவர் எண்ணைத் தடை செய்தேன். மகனிடமும் சொல்லவில்லை; அவன் மனம் இன்னும் நோகும் என்று. அவன் பத்து நாளில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் வாசல் தெளிப்பதைக்கூட அவர் எழுவதற்கு முன்பே முடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கழுத்தில் கேமராவோடு வாசலில் வந்து நின்றார். "அரசி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு காட்டணும்" என்றார். சன்னல் வழியாகவே, "தலவலி" என்றேன். "சரி சரி, படுங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீம்பைப் பற்றி என் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மய்யித்து எடுத்து அடக்கத்துக்குக் கொண்டுபோன பிறகு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நசீமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமி, உங்க போனு சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவள் உம்மாவின் கைபேசியைத் திறந்து காட்டினாள். "தெனமும் உங்களுக்குப் படம் அனுப்புவாங்க. ஒத்த டிக்குதான் விழும். அரசி போனு கெட்டுப்போச்சு, பாவம், மவன் கவலையில சரி பண்ணாம இருக்காங்க, சரியாச்சுன்னா எல்லாம் மொத்தமா வந்து சேரும்னு சொல்லுவாங்க."

மேலே தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஐந்து மாதப் படங்கள். எல்லாவற்றின் கீழும் ஒரே ஒரு டிக். மேலே போய், போய், அந்த நாளுக்கு வந்தேன். "மடையன் திரும்பி வந்துட்டான்." அதன் கீழ் ஒரு படம். வாய்க்கால், புதுத் தண்ணீர், இடது காலைத் தூக்கிக்கொண்டு அவன். முழுசாக, வாலிலிருந்து அலகு வரை. படத்தின் கீழே இன்னொரு செய்தி:

"கால் விட்டுப்போச்சு அரசி. மடையான்னு படிங்க. தம்பியும் வந்துட்டான்னு இப்பதான் நசீமா சொன்னா. பெத்த புள்ள பத்திரமா வந்தானே, அதுவே போதும். சாயங்காலம் வரேன்."

முதல் செய்திக்கும் அதற்கும் இடையில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. எனக்கு வாலுதான் கிடைத்தது. அந்தக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன். தோழி போன துக்கம் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நசீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவள் உம்மாவின் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அன்னைக்கு சாயங்காலம் வந்தாங்க மாமி. உங்க வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சுன்னு திரும்பிட்டாங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தடையை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தடையில் இருந்தபோது அனுப்பியவை ஒருபோதும் வந்து சேராதாம். மகன் தொலைபேசியில் சொன்னான். அவனிடமும் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.  "அவங்க அப்புடிச் சொல்ல மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டான். தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதுதான் என்னை வாட்டுகிறது. பிறகு 'மடையான்' என்று நானே தட்டிப் பார்த்தேன். முடிக்கும் முன்பே கைபேசி 'மடையன்' என்று எடுத்து நீட்டியது. யாரைக் குற்றம் சொல்ல?

படங்களை எல்லாம் எனக்குத் திரும்ப அனுப்புகிறேன் என்றாள் நசீமா. வேண்டாம், படிப்பகச் சுவரில் இருக்கட்டும் என்றேன். அவை ஊருக்கு. லாத்தாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வரிதான், கால் இல்லாத வரி. அதை வைத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அவர் வீட்டுப் பின்னறையில், அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நசீமா தடுக்கவில்லை. உம்மாவின் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். அவசரப்படாமல் இருந்தேன். வெயில் முருங்கை மரத்துக்கு ஏறிய பிறகு அவன் வந்தான், இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி. படம் எடுக்கவில்லை. கைபேசியை எடுத்து அவர் எண்ணுக்கு எழுதினேன்:

"மடைச்சி திரும்பி வந்துட்டேன், லாத்தா."

ஒத்த டிக் விழுந்தது.