சதுரமில்லாத கட்டங்கள்

யுத்த காலத்தில் ஆரையம்பதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். பத்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வீதி பூட்டுவதும் திறப்பதுமாக இருந்ததில் கடைகளுக்கு வரைபுத்தாள் வரவில்லை. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த நெசவுக்காரர் ஒருவர், சேலைக் கரைக்குப் பூக் குறிக்கும் கட்டத்தாளில் ஒரு கட்டுத் தந்தார். அதன் கட்டங்கள் அகலத்தைவிடச் சற்று உயரமானவை. எனக்கு அது போதும்.

தவணைப் பரீட்சையில் x + y = 5, 2x − y = 4 என்ற சமன்பாடுகளை வரைபு மூலம் தீர்க்கக் கொடுத்தேன்; பத்துப் புள்ளி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் (3, 2). முப்பத்தாறு பேர் சரியாகக் கண்டார்கள். அவர்களில் ஒருத்தி வெல்லாவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. மொத்தம் நாற்பத்தொரு புள்ளி எடுத்திருந்தாள்; சித்தியடைய நாற்பது வேண்டும். தவறினால் படிப்பை நிறுத்தி வயல் வட்டைக்குக் கூட்டிப்போவேன், நெல் வெட்டுக்கு ஆளில்லை என்று தகப்பன் என்னிடமே சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமை பார்த்துக் கல்விக் கந்தோரிலிருந்து கணித ஆலோசகர் வந்தார். சட்டைப் பையில் நான்கு பேனை. ஒன்றும் எழுதி நான் பார்த்ததில்லை. விடைத்தாள் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“கட்டம் சதுரமில்ல. கோட்டுட சாய்வு பிழைக்கும். இந்தக் கேள்விக்கு ஒருத்தருக்கும் புள்ளி போடாதீங்க.”

சாய்வு கண்ணுக்குத்தான் மாறும், அச்சில் எண்ணிக்கொண்டு போனால் கோடுகள் வெட்டும் இடம் மாறாது என்றேன். மூன்றையும் இரண்டையும் சமன்பாடுகளில் போட்டுக் காட்டினேன். அது வேறு முறையாம். அப்படியென்றால் உங்களிடமுள்ள சதுரக் கட்டத் தாளில் நீங்களே கீறிப் பாருங்கள் என்றேன். என் பென்சிலை வாங்கி, கால் மணித்தியாலம் கீறினார். (3, 2).

“அதே விடைதானே சேர்?”

“விடை சரி. தாள் பிழை.”

அதிபர் குடியியல் படிப்பித்தவர். எனக்கும் தலையாட்டினார், ஆலோசகருக்கும் தலையாட்டினார், ஆலோசகர் சொன்னபடி கையெழுத்து வைத்தார். பிள்ளைக்கு முப்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை தகப்பன் சைக்கிளில் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“விடை சரியெண்டு நீங்களே சொல்றீங்க சேர். பிறகென்னண்டு பெயில்?”

கந்தோரைத் திட்டினேன். அவருக்கு அது போதவில்லை. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தவணை கந்தோர் வரைபுத்தாள் அனுப்பியது. ஆலோசகரே கொண்டுவந்து, காலைக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசினார். நாற்பது தாள், எல்லாம் நல்ல சதுரக் கட்டங்கள். வகுப்பில் எண்ணிக் கொடுத்தேன். ஒன்று மிஞ்சியது.