படுக்கை விரிப்பில் வெட்டிய திரை

தையலக்கா எல்லாரையும் புகழ ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் வதந்தி.

முதலில் யாரும் நம்பவில்லை. மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து காலும் வாயும் போட்டி போட்டு ஓடிய மனுஷி அவள். மெஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு காலுக்கு ஓய்வு கிடைத்தது. அந்தத் தெம்பும் வாய்க்கே போய்ச் சேர்ந்தது. அவளிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் ஜாக்கெட்டோடு அடுத்த வீட்டுச் சமாசாரமும் இலவசமாக வரும். அளவெடுக்கும்போது மட்டும் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வாள். தெரு நிம்மதியாக மூச்சு விடுவது அப்போதுதான்.

அப்பேர்ப்பட்டவள் மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பற்றி, "என்ன பொறுமை, என்ன பதவிசு, அவங்ககிட்ட நாமெல்லாம் பிச்சை வாங்கணும்" என்றாளாம். கேட்ட பெண் தைத்த துணியை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவிட்டாளாம்.

"டாக்டர் ஏதோ சொல்லியிருப்பாரு, பாவம்" என்றார் பால்காரர். "அதெல்லாம் இல்ல, எலெக்‌ஷன்ல நிக்கப் போகுது" என்றார் இஸ்திரிக்காரர். இரண்டில் எது தெருவுக்கு அதிக ஆபத்து என்று அவர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஜிப் போன பை ஒன்றை எடுத்துக்கொண்டு நான் விசாரிக்கக் கிளம்பினேன். ஜிப் நிஜமாகவே போயிருந்தது. கொஞ்சம் நானும் உதவினேன்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். வெட்டுகிற மேசையின் ஒரு காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்திருந்தது. சுவர் ஆணிகளில் தொங்கும் தைத்த துணிகள், ஒவ்வொன்றிலும் குத்திய துண்டுச் சீட்டு. அலமாரியில் மடித்த தொழுகை விரிப்பு, அதன் மேலேயே சாக்கட்டி. பின்னால் அவள் கணவர் மின்விசிறி ஒன்றைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். ஊர் விசிறிகளையெல்லாம் பழுது பார்ப்பவர்; பேச்சு விஷயத்தில் கரண்ட் போன விசிறி.

"வாங்க, வாங்க! உங்க எழுத்தைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் தையலக்கா.

நான் பையை மேசையில் வைத்தேன். "என்னக்கா, உடம்புக்கு ஏதாவது...?"

"எங்க ரெண்டு பேருக்கும் குலுக்கல்ல ஹஜ்ஜுக்குப் பேர் வந்திருச்சு" என்றார் கணவர், விசிறியைப் பார்த்துக்கொண்டே. "அதான் இந்த ஆட்டம்."

விஷயம் இதுதான். மக்காவுக்குப் போய் ஹஜ்ஜை முறையாக முடித்தவர் பிறந்த குழந்தை போலத் திரும்புவார் என்பது நம்பிக்கை. ஆனால் அல்லாஹ் தனக்குச் செய்த குற்றங்களைத்தான் தானே மன்னிப்பான். பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்ததைப் பக்கத்து வீட்டுக்காரிதான் மன்னிக்க வேண்டும். அதில் அவன் குறுக்கே வருவதில்லை. ஆகவே புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "ஏதாவது தப்பா நடந்திருந்தா பொறுத்துக்கங்க" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சாதாரண ஆளுக்கு இது ஒரு சாயங்கால வேலை. தையலக்காவுக்கு வாடிக்கையாளர்கள் அதிகம்.

முதலில் போனது மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு. "நான் ஏதாவது பேசியிருந்தா பொறுத்துக்கங்க."

"அப்படி என்ன பேசினே?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். மரியாதைக்குக் கேட்ட கேள்வி. ஹஜ்ஜுக்குப் போகிறவள் பொய் சொல்லலாமா? தையலக்கா ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். இடுப்புப் பக்கத் தையலை எத்தனை முறை பிரித்து விட்டாள் என்பதையும், அதை யார் யாரிடம் சொன்னாள் என்பதையும். அதுவரை அந்த அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. கதவு சாத்திய சத்தம் எனக்கே கேட்டதாக ஞாபகம்.

நொந்துபோய் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனாள்.

"நான் உண்மையைத்தானே சொன்னேன், ஹஸ்ரத்?"

"உண்மையா இருந்தாத்தாம்மா அதுக்குப் பேர் புறம். பொய்யா இருந்தா அது அவதூறு. அது இன்னும் மோசம்."

"அப்ப உண்மையும் பேசக் கூடாது, பொய்யும் பேசக் கூடாதுன்னா, எதைத்தான் பேசறது?"

"அதைத்தானேம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மைக்குல கத்திட்டிருக்கேன்!"

பிறகு கொஞ்சம் இறங்கி வந்து வழி சொன்னாராம். நீ பேசியது யார் காதுக்குப் போய்விட்டதோ அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேள். யாருக்குத் தெரியாதோ அவர்களிடம் போய்ச் சொல்லிப் புதுக் காயம் உண்டாக்காதே. எந்தெந்த இடத்தில் இகழ்ந்தாயோ அதே இடத்தில் புகழ். அவர்களுக்காக இறைவனிடம் துஆ கேள்.

"ஹஜ்ஜை அடுத்த வருஷம் வச்சுக்கலாமான்னு கேட்டேன்" என்றார் கணவர். "இத்தனை பேரையும் புகழ்ந்து முடிக்கணும்ல."

"இவருக்கு நக்கல். தினம் அஞ்சு வேளை தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளூ செய்யறப்ப வாயைக் கொப்பளிக்கிறியே, அழுக்கு எங்கதான் தங்குதுன்னு கேக்கறார்" என்ற தையலக்கா, திடீரென்று நினைவு வந்தவளாக, "நல்ல மனுஷர். என் புருஷனைப் போல வராது" என்று சேர்த்தாள். கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "என்னைப் பத்தி என்னக்கா பேசினீங்க?"

"உங்க காதுக்கு ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப சொல்ல மாட்டேன். ஹஸ்ரத் உத்தரவு."

வதந்தி உண்மைதான் என்று முடித்துக்கொண்டு நான் எழுந்திருக்கலாம். ஆனால் பேசும்போதெல்லாம் அவள் கண் ஜன்னல் பக்கமே போய்க்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒரு ஜன்னல். அதில் நீலப்பூ போட்ட திரை.

அது அவளுடைய ஓரகத்தி வீடு. கணவரின் தம்பி மனைவி.

சில வருடங்களுக்கு முன்பு அந்தத் தம்பிக்கு வேலை போயிற்று. ஜன்னலுக்குத் திரை வாங்க வழியில்லை. தெருவே எட்டிப் பார்க்கிற ஜன்னல். ஓரகத்தி பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, "அக்கா, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கொடுத்தாள். தையலக்கா வாயே திறக்கவில்லை. நைந்த இடமெல்லாம் மடிப்புக்குள் போகும்படி வெட்டி, பூவுக்குப் பூ சேர்த்து, அடியில் பட்டை கொடுத்து அப்படித் தைத்திருந்தாள். கடையில் வாங்கியது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் கூட்டத்தில், யாரோ அந்தத் திரையை வானளாவப் புகழ்ந்தார்கள். எந்தக் கடையில் வாங்கியிருப்பாள் என்று பேச்சு வந்தது. தன் வேலையைக் கடைச் சரக்கு என்கிறார்களே! தையலக்காவால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்? "கடையாவது ஒண்ணாவது! நைஞ்ச படுக்கை விரிப்பு. நான் வெட்டினதால தெரியலை" என்று போட்டு உடைத்தாள். ஓரகத்தி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அவளைக் குறைச்சுப் பேசணும்னு சொல்லலைங்க" என்றாள் தையலக்கா. குரல் இறங்கியிருந்தது. "என்னைப் பெருசாக்கிக்கச் சொன்னேன். நம்பிக் கொடுத்த அமானிதம் அது. மத்தவங்களையெல்லாம் புகழ்ந்து சமாளிச்சிருவேன். இவ மன்னிக்காம நான் எப்படிங்க அந்த கஃபா முன்னாடி போய் நிப்பேன்?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"மூணு தடவை மாடி ஏறிட்டேன். 'உக்காருங்க அக்கா, தண்ணி குடிங்க அக்கா'ங்கறா. அந்தப் பேச்சை எடுத்தா மட்டும் அடுப்பைப் பாக்கப் போயிடறா."

பையில் புது ஜிப்போடு வீட்டுக்கு வந்தேன். வழியில் பால்காரர் நிறுத்தி, "தையலக்கா உங்களை ஆஹா ஓஹோன்னாங்களே!" என்றார். இஸ்திரிக்காரரும் அதையே சொன்னார். முடிதிருத்துகிறவரும் சொன்னார். புகழ்ச்சியின் அளவைப் பார்த்தால், முன்பு என்னைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பாள் என்று கணக்குப் போடத் தோன்றியது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புறப்படுகிற நாளும் வந்தது. வாசலில் வேன். உறவும் தெருவும் கூடியிருந்தன. கணவரின் பெட்டியில், ஆண்கள் ஹஜ்ஜில் உடுத்தும் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகள் இருந்தன. "ஓரத்தையாவது மடிச்சு அடிச்சிடறேனே" என்று அவள் கெஞ்சியதாகவும், அவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதாகவும் கேள்வி.

தையலக்கா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "துஆ செய்யுங்க. அங்கேயே உசுரு போய் மௌத்தானாலும் எனக்கு பாக்கியம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவிகூட வந்து, தெருமுனையில் நின்றபடி கையசைத்தாள். தையலக்காவோ மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அசையவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தபோது ஓரகத்தி படியிறங்கி வந்தாள். கூட்டம் தானாக விலகியது.

"என்ன சொன்னீங்கன்னு என் முகத்துக்கு நேரா ஒரு தடவை சொல்லுங்க அக்கா."

தையலக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். "நைஞ்ச விரிப்புல தைச்சதுன்னு சொன்னேன். நான் வெட்டினதால தெரியலைன்னு சொன்னேன்."

"வெட்டினது நல்லாத்தான் இருந்துச்சு. அதுல பொய் இல்ல."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை.

"விரிப்பைப் பத்திச் சொன்னதை மன்னிச்சிட்டேன். அது வெறும் துணி. யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டுப் போனேனே, அது வேற. நீங்க போயிட்டுத் திரும்பி வாங்க, அதை அப்ப பாக்கலாம்."

"நான் அங்கேயே மௌத்தாயிட்டா?"

"அதெப்படி ஆவீங்க? பாதிதானே குடுத்திருக்கேன்" என்று சொல்லி, அக்காவின் தலைத்துணியில் குத்தாமல் விட்ட ஊசியைச் சரியாகக் குத்திவிட்டாள்.

வேன் போயிற்று.

தையலக்கா நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டாள். மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் முதலில் போனது எதிர் மாடிக்குத்தான். ஓரகத்தி தொழுகிற திசையான கிப்லா பக்கம் திரும்பி நின்று தண்ணீரைக் குடித்தாள். பழத்தைச் சாப்பிட்டாள். பயணக் கதையை ஆதியோடந்தமாகக் கேட்டாள். கொட்டைகளைக் கூட்டி அள்ளினாள்.

"அந்த மீதி...?" என்று தையலக்கா இழுத்தாள்.

"இப்பத்தானே வந்திருக்கீங்க. என்ன அவசரம்?"

தம்பிக்கு நல்ல வேலை கிடைத்து வெகுகாலம் ஆகிறது. அந்த வீட்டில் புது சோபாகூட வந்துவிட்டது. ஜன்னலில் மட்டும் அதே நீலப்பூத் திரைதான் தொங்குகிறது. மெஷினில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் நேரே அதுதான் தெரியும். அடிப்பட்டையில் ஒரு முழத்துக்குத் தையல் விட்டிருக்கிறது. "கொடு, ஒரு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்" என்று தையலக்கா கேட்டபடி இருக்கிறாள். "தரேன் அக்கா, தரேன்" என்கிறாள் ஓரகத்தி.

நேற்றுப் போனபோதும் பட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.