செடிக்கு வைக்காத பெயர்

“அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா, தங்கச்சி. விடிய நெஞ்சு நோகுது எண்டவ…” கரவெட்டியிலிருந்து கௌசலா அக்காவின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் ஆய்வுகூடத்தில் ஒரு பூவின் மகரந்தக் கேசரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். “ஓம்” என்றேன். ஐந்து என்று குறித்துவிட்டு அடுத்த பூவை எடுத்தேன். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவரோடு வேலை செய்த உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பூவின் செடியை அக்காவும் நானும் தொண்டைமானாற்றுக் கரையின் உவர்நிலத்தில் கண்டோம். சாண் உயரம்கூட இல்லை, வெளிர்நீலப் பூ. எங்களுக்குத் தெரிந்த எந்த நூலிலும் அது இல்லை. புதிய இனம் என்று நான் கத்தியே விட்டேன். அக்கா வெயிலில் குந்தியிருந்து இலையைப் புரட்டிக்கொண்டே, “துள்ளாதையும். முதல் வடிவாப் பாப்பம்” என்றார்.

வடிவாக, ஒன்றும் விடாமல் பார்ப்பதென்றால் அவருக்கு மாதக்கணக்கு. நான் ஒரே பூவை அளந்து விபரிப்பை எழுதிக்கொண்டு போனேன். “ஒரு பூவைப் பாத்திட்டு முழு இனத்துக்கும் அளவு சொல்லுறீரோ?” என்று தாளைத் திருப்பித் தந்தார். நாற்பது பூக்கள் வேண்டுமாம்! இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பணிஸை என் மேசையில் வைத்து, “கோவம் முடிஞ்சால் சாப்பிடும். இருபத்திரண்டு நான் அளந்திட்டன், இன்னும் பதினேழு பூ கிடக்கு” என்றார். சாப்பிட்டேன்.

செத்தவீட்டில் எல்லோரும், “அந்தச் செடிக்கு அக்காவின்ரை பேரை வையும்” என்றார்கள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் எங்கள் தொழிலில், விபரித்தவர் தன் பெயரையே செடிக்குச் சூட்டுவதில்லை, சிரிப்பார்கள். செடிக்கு அவர் பெயர் வேண்டுமென்றால், அதை விபரித்து நாங்கள் எழுதிய கட்டுரையின் ஆசிரியர்களில் அவர் இருக்கக்கூடாது. “ஆள்தான் இல்லையே, கட்டுரையிலை பேரை எடுத்துவிடும்” என்றார் ஒருவர். எடுத்தேன். மிஞ்சியது என் பெயர் மட்டும். வாசித்துக்கொண்டு போனால் பாதிக்கு மேல் அவர் அளந்த அளவுகள். எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. அவர் பெயரை முதலாவதாகத் திரும்பப் போட்டேன். செடிக்கு உவர்நிலத்தின் பெயரை வைத்தேன்.

எல்லா ஆசிரியர்களும் இறுதிப் பிரதியை வாசித்து உடன்பட்டார்களா என்று சஞ்சிகையின் படிவம் கேட்கிறது. அதற்கு என்ன எழுதுவது? அவர் கடைசியாகத் திருத்திய பிரதி என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதில் இதழின் நீளத்துக்குப் பக்கத்தில், பென்சிலால், “இன்னொருக்கா அளந்து பாரும்” என்று எழுதியிருக்கிறார்.

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. நாளைக் காலை அளக்கப் போகிறேன்.